சேண்டி டர்ன்புல்: ஓல்ட் டிராஃபோர்டின் முதல் கோல் இவருடையது

மென்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கில் 1910 பிப்ரவரி 19ஆம் தேதி முதல் ஆட்டம் நடந்தது. லிவர்பூலிடம் யுனைடெட் 3-4 என்று தோற்றது. ஆனாலும் அந்த அரங்கின் முதல் கோலைப் போட்டவர் யுனைடெட்டின் சேண்டி டர்ன்புல். அவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்.

அலெக்சாண்டர் டர்ன்புல் 1884இல், கில்மார்னொக் அருகே உள்ள ஹர்ல்ஃபோர்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். 1902இல் மென்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். 1904இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற சிட்டி அணியில் அவரும் ஆடினார்.

அக்காலத்தில் இங்கிலாந்து ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது சட்டம். எத்தனை ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்த்தாலும் ஆட்டக்காரரின் கூலி உயராது. சிட்டி நிர்வாகம் மறைவாகக் கூடுதல் பணம் கொடுத்து வந்தது 1906இல் அம்பலமானது. டர்ன்புல் உட்பட 17 ஆட்டக்காரர்களுக்கு அந்த ஆண்டு முடியும்வரை தடை; இனி சிட்டிக்கு ஆடவும் கூடாது.

அந்தத் தடை பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபமானது. யுனைடெட்டின் நிர்வாகி எர்னெஸ்ட் மேங்னல், டர்ன்புல், பில்லி மெரெடித் உள்ளிட்ட நால்வரைச் சேர்த்துக்கொண்டார். 1907 ஜனவரி முதல் நாள் அவர்கள் களமிறங்கினர். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் ஒரே கோலை டர்ன்புல் போட்டார். 1907-08 பருவத்தில் யுனைடெட் முதன்முறையாக லீக் வெற்றியாளரானபோது, லீக்கில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 25. அதே பருவத்தில் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். இவ்விரு அணிகளும் மோதும் ஆட்டத்தில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

1909 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்துக்கு முன் அவர் காயத்தால் அவதிப்பட்டார். அணித் தலைவர் சார்லி ராபர்ட்ஸ் வற்புறுத்தி அவரை ஆட வைத்தார். ஹேரோல்ட் ஹால்ஸ் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் டர்ன்புல் அதை வலைக்குள் செலுத்தினார். பிரிஸ்டல் சிட்டியை 1-0 என்று வென்று, யுனைடெட் அந்தக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது.

அதே ஆண்டு, ஆட்டக்காரர்கள் தங்கள் தொழிற்சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்று காற்பந்துச் சங்கம் நெருக்கியது. பிற அணியினர் பலர் பணிந்தபோதும் யுனைடெட் ஆட்டக்காரர்கள் மறுத்தனர். உறுதியாக நின்றவர்களில் டர்ன்புல்லும் ஒருவர். 1911இல் இரண்டாவது லீக் பட்டமும் கிடைத்தது. யுனைடெட்டுக்காக அவர் போட்ட கோல்கள் மொத்தம் 101.

1915இல் நிலைமை மாறியது. போர் மூண்டிருந்தது, லீக் நிற்கப் போகிறது, வருமானமும் நிற்கும் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 2, பெரிய வெள்ளியன்று யுனைடெட் லிவர்பூலை 2-0 என்று வென்றது. அதே கோல் கணக்கின் மேல் 7க்கு 1 என்ற விகிதத்தில் ஏராளமானோர் பந்தயம் கட்டியிருந்தனர். விசாரணையில் இரு அணிகளிலும் ஏழு பேருக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டது. அன்று களத்தில் இறங்காத டர்ன்புல்லின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அவர் ராணுவத்தில் சேர்ந்தார். 1917 மே 3ஆம் தேதி, பிரான்சில் நடந்த ஆராஸ் போரில் உயிரிழந்தார். வயது 32. உடல் அடையாளம் காணப்படவில்லை. ஆராஸ் நினைவகத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

போர் முடிந்ததும், 1919இல் அவர் மீதான தடை நீக்கப்பட்டது. குற்றத்தை இறுதிவரை மறுத்து வழக்காடிய சக ஆட்டக்காரர் ஈனொக் வெஸ்டின் தடை 1945வரை நீடித்தது. டர்ன்புல்லின் வாழ்க்கையை முதலில் புரட்டிப்போட்ட அந்தச் சம்பள உச்சவரம்போ 1961வரை ஒழியவில்லை.