ரெண்டு கை, ஒரு கோடு: மிடி சிசி ஆட்டோமேஷனா மாறும்போது

கீழவாஞ்சூர்ல இருந்து பேசுறேன். செக்போஸ்ட் தாண்டினா நாகூர். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

மிடி சிசி டேட்டாவை ஆட்டோமேஷன் என்வலப்பா மாத்துற மெனு சில மியூசிக் சாஃப்ட்வேர்ல இருக்கு. ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரி கோடு. ஆனா வந்த வழி வேற வேற.

ஒண்ணு, வாசிக்கிறவர் கை. 1983 ஜனவரி, கலிஃபோர்னியாவில் ஒரு இசைக்கருவிக் கண்காட்சி. ப்ராஃபெட்-600, ஜூபிடர்-6 ரெண்டும் போட்டிக் கம்பெனிகளோட கீபோர்டு. ரெண்டையும் ஒரு கேபிள்ல சேர்த்தாங்க. டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி முன்னின்று கொண்டுவந்த மிடி அதுதான். கேபிள்ல ஓடுறது ஒலி இல்ல, செய்தி. வேகம் நொடிக்கு 31,250 பிட், அதாவது ஆயிரத்துச் சொச்சம் கன்ட்ரோலர் செய்தி. ஒவ்வொண்ணோட மதிப்பும் 0-லிருந்து 127 வரைதான். வால்யூம் 7, எக்ஸ்பிரஷன் 11, மாட் வீல் 1. குமிழைத் திருப்பினா பதிவாகிறது சறுக்கு இல்ல, படிக்கட்டு.

இன்னொண்ணு, மிக்ஸிங் இன்ஜினியர் கை. இது மிடிக்கும் மூத்தது. 1970களிலேயே நீவ் கம்பெனியோட 'நெகாம்' லண்டன் ஏர் ஸ்டுடியோவுக்கு வந்துடுச்சு. இன்ஜினியர் ஃபேடரை நகர்த்தினதை ஞாபகம் வெச்சு, மோட்டார் திரும்ப நகர்த்தும். என்வலப் இதோட வாரிசு.

நம்ம பக்கம் 1986-ல 'புன்னகை மன்னன்' வந்தப்போ கம்ப்யூட்டர் இசைன்னு ஊரே பேசுச்சு. அந்தக் காலத்து சீக்வென்ஸர்ல ஏத்த இறக்கம்னா மிடி செய்திதான். அப்புறம் ஆடியோவும் அதே சாஃப்ட்வேருக்குள்ள வந்தது, ரெண்டு கோடும் ஒரே ஸ்க்ரீன்ல உட்கார்ந்துச்சு. க்யூபேஸ்ல 'எக்ஸ்ட்ராக்ட் மிடி ஆட்டோமேஷன்'னே ஒரு மெனு உண்டு.

மாத்தினா என்ன போகும்? மாட் வீலை எடுத்துக்கோங்க. நல்ல வயலின் சாம்பிள்ல அது சத்தத்தை மட்டும் கூட்டாது, வில்லை அழுத்தி வாசிச்ச வேற பதிவுக்கே கொண்டுபோகும். அதை டிராக் வால்யூம் என்வலப்பா மாத்தினா சத்தம் ஏறும், வில்லோட அழுத்தம் ஏறாது. சிசி ரீஜனுக்குள்ள இருக்கு. ரீஜனை நகர்த்தினா கூடவே வரும். என்வலப் டிராக்கோட சொத்து. அதுக்கான செட்டிங் ஆன்ல இல்லைன்னா இருந்த இடத்துலயே நிக்கும். பழைய சிசி மிச்சம் இருந்தா ரெண்டும் மோதவும் செய்யும்.

டெல்டாக்காரனா எனக்கு வலிக்கிற இடம் கமகம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்துல வாசிச்ச தோடியைக் கேளுங்க. காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காது. அதைக் கீபோர்டுல கொண்டுவர பிட்ச் பெண்ட் வேணும். இதுக்கு மட்டும் 16,384 படி, நல்ல தாராளம். ஆனா மாத்தினதும் புள்ளிகள் குவிஞ்சிருக்கேன்னு 'தின்' பண்ணுவோம் பாருங்க, அப்போ சாஃப்ட்வேருக்கு அந்த அசைவு வெறும் நடுக்கமாத் தெரியும். இழைச்சுத் தள்ளிடும். மிச்சம் ஒரு நேர்கோடு, அதுல தோடி இல்ல.

2018-ல வந்த எம்பிஇ ஒவ்வொரு நோட்டுக்கும் தனி பெண்ட் கொடுத்துச்சு. 2020-ல மிடி 2.0 கன்ட்ரோலர் மதிப்பை 32 பிட்டுக்கு உயர்த்திடுச்சு. இருந்தாலும் என் பழைய ப்ராஜெக்ட் எல்லாம் 7 பிட்தான். அதனால டிராக்கை டூப்ளிகேட் பண்ணி, ஒரிஜினலை மியூட்ல போட்டுட்டுத்தான் கன்வெர்ட் பட்டனைத் தொடுவேன்.