'புறம்போக்கு'ன்னா யாரோட நிலம்?

"போடா புறம்போக்கு"ன்னு யாரையாவது திட்டியிருப்பீங்க. குறைஞ்சபட்சம் திட்டு வாங்கியாவது இருப்பீங்க. ஆனா அது அடிப்படையில ஒரு நிலக்கணக்குச் சொல். வரி கிடையாது, யார் பேர்லயும் பட்டா கிடையாது. ஏரி, வாய்க்கால், மேய்க்கால், சுடுகாடு எல்லாமே புறம்போக்குதான். யாருக்கும் சொந்தமில்லாததால எல்லாருக்கும் உரியது. அந்தச் சொல் எப்போ "உருப்படாதது"ன்னு ஆச்சோ, அப்போ அந்த நிலத்தை வளைக்கிறதும் சுலபமாச்சு.

இதுக்கு நேர்மாறான ஒரு காலம் கல்லுல இருக்கு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர் உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்து ரெண்டு கல்வெட்டு, கி.பி. 919, 921. 'குடவோலை'ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். பாடப் புத்தகம் தேர்தலோட நின்னுடும். யாரைத் தேர்ந்தெடுத்தாங்க? முப்பது குடும்பு, அதாவது வார்டுல இருந்து சீட்டெடுத்து, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள். முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவரா? அவர் பேரு குடத்துக்குள்ளயே போகாது. அவரோட நெருங்கின சொந்தக்காரங்க பேரும்தான்! ஏரியைத் தூர்வாரக் கொடுத்த கொடைகள்கூட அந்த ஊர்க் கல்வெட்டுகள்ல பதிவாகியிருக்கு.

அதுக்காக ரொம்பப் புல்லரிக்கவும் வேண்டாம். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். நிலமும் வேதப் படிப்பும் உள்ள, 35லேர்ந்து 70 வயசுக்குள்ள இருக்கிற ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் சீட்டு. அந்த ஏரித் தண்ணியில நாத்து நட்டவங்களுக்கு அங்க குரல் கிடையாது.

ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தாண்டி வருவோம். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையை முக்கி எடுத்துச்சு. 2017 ஜனவரியில 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்துச்சு. எழுதினது கபேர் வாசுகி, பாடினது டி.எம். கிருஷ்ணா, இயக்கினது ரதீந்திரன் பிரசாத். ஆனந்தபைரவி, பேகடான்னு ராகமாலிகை, ஆனா வார்த்தையெல்லாம் மெட்ராஸ் பாஷை! சபா மேடைக்குப் பதிலா எண்ணூர்க் கழிமுகம், பின்னால அனல்மின் நிலையம். வசவை அப்படியே திருப்பிப் போட்டு, புறம்போக்கு எனக்கும் உனக்கும் பொதுன்னு சொன்ன பாட்டு. நூறு அறிக்கை போட்டும் நகரத்துக் காதுல ஏறாத கொசஸ்தலை ஆத்துச் சாம்பல் பிரச்சினை, இந்த ஒரு பாட்டுல ஏறிச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா பாட்டு தூர்வாராது. அதுக்கு வாரியம் வேணும். 1994 ஊராட்சிச் சட்டப்படி கிராம சபையில வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கிற எல்லாரும் உறுப்பினர். பராந்தகன் காலத்துல குடத்துக்கு வெளிய நின்ன பெண்களும் விவசாயக் கூலிகளும் இப்ப ஏரியைப் பத்திக் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோட, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துலயும் சபை கூடுது.

"நாங்க சிட்டி ஆளுங்க, எங்களுக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்கு: நகரங்கள்ல இதுக்கு ஏரியா சபைன்னு பேரு. 2022 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுல முதல்முறையா நடந்துச்சு. உங்க வார்டுல அடுத்தது எப்போன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க.