மைக்கொம்புச் சொற்களும் முதல் அகராதியும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் பலரின் கையில் ஒரு வேர்ச்சொல் பட்டியல் உண்டு. ‘பயோ’ என்றால் உயிர்; ‘கிராஃப்’ என்றால் எழுத்து; ‘டிக்ட்’ என்றால் சொல்லுதல். நான் இதற்கு எதிரி அல்லேன். முதுகலையில் சேர்ந்த ஆண்டில் அத்தகைய பட்டியலைக் கொண்டே கரையேறினேன். ஆனால் அச்சொற்கள் ஆங்கிலேயருக்கே ஒரு காலத்தில் அந்நியமாயிருந்தன என்பதை எனக்கு அப்போது எவரும் சொல்லவில்லை.

16ஆம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் ஆங்கிலத்துள் பெருகி நுழைந்தன. எதிர்த்தவர்கள் அவற்றை ‘மைக்கொம்புச் சொற்கள்’ என எள்ளினர். அக்காலத்தில் மைக்கூடு கொம்பினால் ஆனது. எதிர்த்தோருள் ஒருவரான ஜான் சீக், கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர் என்பது வியப்புக்குரியது. மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில் இலத்தீன் வழிச் சொல்லான ‘லூனாடிக்’கை விலக்கி, நிலவைக் குறிக்கும் ‘மூன்’ என்பதிலிருந்தே புதுச்சொல் ஆக்கினார். ரால்ஃப் லீவர் 1573இல் தருக்கவியலுக்கு ‘விட்கிராஃப்ட்’ என்று பெயரிட்டார். இரண்டும் நிலைக்கவில்லை.

நுழைந்த சொற்களை யார் புரிந்துகொள்வது? இலக்கணப் பள்ளியில் இலத்தீன் பயின்ற ஆண்களுக்குச் சிக்கலில்லை. 1604இல் ஆசிரியர் ராபர்ட் காட்ரி வெளியிட்ட, ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்கள் கொண்ட நூலே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் முதல் அகராதி எனப்படுகிறது. சீமாட்டிகளுக்கும் கல்வித்தேர்ச்சி இல்லாத பிறருக்கும் உதவவே இந்நூல் என்று முகப்பிலேயே அச்சிட்டார். பிரெஞ்சுச் சொற்களுக்கும் கிரேக்கச் சொற்களுக்கும் தனிக்குறிகள் இட்டார். இலத்தீனுக்குக் குறியே இல்லை. முதற்பதிப்பின் எஞ்சிய ஒரே படி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. பள்ளிக்குள் விடப்படாதவர்களுக்காக எழுதப்பட்டது என்பதே அந்நூலில் என்னை நிறுத்தும் செய்தி.

வேர்மீது கொண்ட மோகம் எழுத்திலும் தழும்பிட்டது. பிரெஞ்சிலிருந்து ‘டெட்’ எனவே வந்த கடன் என்னும் சொல்லில், இலத்தீன் ‘டெபிட்டும்’ நினைவாக அறிஞர்கள் ‘பி’ எழுத்தைச் செருகினர். எந்த நாவும் அதை ஒலித்ததில்லை. ‘ஐலண்ட்’ இன்னும் வேடிக்கை: அது தூய ஆங்கிலச் சொல், இலத்தீன் ‘இன்சுலா’வோடு உறவில்லாமலேயே ‘எஸ்’ பெற்றது.

பட்டியலும் சில இடங்களில் வழுக்கும். ‘பெடஸ்ட்ரியன்’ என்பதில் இலத்தீன் பாதம்; ‘பீடியாட்ரிக்ஸ்’ என்பதில் கிரேக்கக் குழந்தை. எழுத்தை மட்டும் நம்பும் மாணவர் குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் ஆக்கிவிடுவார். சொல் எந்த மொழியின் வழியே வந்தது என்று கேட்டால் போதும். காட்ரியின் குறிகள் சுட்டியதும் அதைத்தான்.