ஏணி தூக்குவதற்கு முன்

கப்பலில் வந்து ஒரே நாள் இறங்கிப் பார்க்கிறவர்களை இருபது வருஷம் காரில் ஏற்றி இறக்கியவன் நான். ஊர் ஸ்ரீபெரும்புதூர். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். காலை எட்டு மணிக்கே சென்னைத் துறைமுக வாசலில் வண்டியைப் போட்டாலும், பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்த்து அனுப்புவதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். சாயங்காலம் ஆறுக்குக் கப்பல் என்றால் ஐந்துக்கே ஏறியாக வேண்டும். நடுவில் பன்னிரண்டுக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள். திரும்பத் திறக்க நாலு மணி. பத்து மணிக்குமேல் கிளம்பி "ஏழு கோயில் பார்க்கலாம்" என்று சொல்கிற ஏஜென்ட்டை நம்பவே கூடாது.

முன்காலத்தில் இறங்குவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. துறைமுகம் கிடையாது, கப்பல் கரைக்குத் தள்ளியே நங்கூரம் போடும். ஆளையும் மூட்டையையும் மசூலாப் படகில்தான் கொண்டுவர வேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்தது தரைதட்டினால் பிளந்துவிடும். தைத்தது அலைக்கு வளைந்து கொடுக்கும். 1876இல் துறைமுக வேலை தொடங்கியது. முடியப்போகிற நேரத்தில் 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்டியும், கிழக்கு பார்த்த வாயிலில் மணல் தூர்ந்துகொண்டே இருந்ததால், பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் இருந்தபோது வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. வண்டியில் ஏறியதும் இதைச் சொல்வேன். கடற்கரையைப் பார்த்து வியக்கிறவர்கள், தாங்கள் இறங்கிய துறைமுகம்தான் அதற்குக் காரணம் என்றதும் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கப்பல் என்றால் 'எம்.வி. சிதம்பரம்'தான். பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த கப்பல். 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் போயிற்று. அதில் வந்தவர்கள் ஊர் திரும்பியவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை. என் வண்டியில் ஏறியவர்களோ காஞ்சிபுரம் என்ற ஒரே பெயரைத்தான் தெரிந்துவைத்திருந்தார்கள்.

காஞ்சிக்குப் போக வேண்டுமானால் பூந்தமல்லி, இருங்காட்டுக்கோட்டை, எங்கள் ஊர், சுங்குவார்சத்திரம் தாண்டித்தான் போக வேண்டும். பல்லவன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில் நிச்சயம் பார்க்கத் தகுந்தது. மணற்கல் தேய்ந்த யாளிகளின் முன்னால் நின்று நகரவே மாட்டார்கள். தறியும் அப்படித்தான். கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். நெசவாளி ஒரு பக்கம் இருக்க, உதவிக்கு இன்னொருவர் எதிர்க்கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பத்து நிமிஷம் பார்த்தாலே புடவை விலையில் பேரம் பேச வாய் வராது.

ஆனாலும் நேரம் குறைவு என்றால் எங்கள் ஊரோடு திரும்புங்கள் என்பேன். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்ட பிறகு எங்கள் ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது; அவர் நினைவிடத்தைத்தான் முதலில் கேட்பார்கள். காட்டிவிட்டு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போவேன். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. உள்ளே எல்லாரையும் விடமாட்டார்கள். வெளியிலேயே நிறுத்திக் கதை சொல்வேன்: ராமானுஜர் உயிரோடு இருக்கும்போதே செய்த விக்கிரகம் உள்ளே இருக்கிறது, அவரே கட்டித் தழுவி அனுப்பியது, அதனால்தான் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். "உயிரோடு இருக்கும்போதேயா?" என்று ஒரு வயதான அம்மா மூன்று தடவை கேட்டார்.

நான் ஓட்ட ஆரம்பித்த காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் வயலும் பொட்டலும்தான் கண்ணில் படும். 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2006இல் நோக்கியா போன் ஆலை வந்தது; வண்டியில் இருப்பவர் கையில் அந்தப் போன் இருந்தால், "அதோ, அங்கே செய்தது" என்று கை காட்டுவேன். 2014இல் அந்த ஆலையை மூடியாயிற்று. பிறகு பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலைகள் பெருத்தன. காலையில் கப்பலிலிருந்து நான் ஆட்களை மேற்கே கொண்டுவர, எதிரே டிரெய்லரில் புதுக் கார்கள் கிழக்கே அதே துறைமுகத்துக்குப் போகும். மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலை வரும் என்று கூவத்தில் எழுப்பிய தூண்கள் வருஷக் கணக்கில் மொட்டையாக நின்றன.

ஒரு ஜனவரி. கணவன், மனைவி, இரண்டு பேருக்கும் எழுபது வயசு. கப்பல் ஏற்பாடு செய்த பஸ் வேண்டாம் என்று தனியாக என் காரில் வந்தவர்கள். பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக வருகிறவர்களுக்குக் காத்திருக்காது. காஞ்சியிலிருந்து திரும்பும்போது ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் மாட்டிக்கொண்டோம். கம்பெனி பஸ்கள் வரிசையாக ரோட்டில் ஏற, இருங்காட்டுக்கோட்டையில் நாற்பது நிமிஷம் நகரவில்லை. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையதுதான்; சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டிருக்கக் கூடாது. துறைமுக வாசலை அடைந்தபோது மணி ஐந்தேகால். கோயில் தரை சுடும் என்று மாட்டிய சாக்ஸோடு இரண்டு பேரும் இறங்கி ஓடினார்கள். ஏற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் அந்த ஐயாவின் தோல் செருப்பு. பெரிய சைஸ். ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. பிறகு என் தம்பி மகன் முன்னால் கொஞ்சம் துணி திணித்து அதைப் போட்டுக்கொண்டு, ஒரகடத்துக்கு முதல் நாள் வேலைக்குப் போனான்.