தக்கையைத் தள்ளிய எண்ணெய்

எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைந்தால் பம்பு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டுவது நம்மிடையே வழக்கம். எண்ணெயின் அழுத்தம் முழுவதையும் பம்புதான் உண்டாக்குகிறது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை அரைகுறையானது என்பதை உணர, 1883இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வை நாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இயந்திரப் பொறியாளர் கழகத்திற்காக உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார் பீச்சம் டவர். 4 அங்குல விட்டமுள்ள அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழலும். மேலே பளு ஏற்றிய அரைவட்டத் தாங்கி அமர்ந்திருக்கும். எண்ணெய் ஊற்றுவதற்கென்று தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்துச் செருகினார், அதுவும் வந்தது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மீதிருந்த சராசரிப் பளு சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு. முள்ளோ 200ஐக் கடந்தது. அந்த அமைப்பில் பம்பு என்று எதுவுமே இல்லை!

இதற்கு விளக்கம் தந்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். சுழலும் அச்சு, குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் எண்ணெயை இழுத்துச் செல்கிறது. ஆப்புபோல் நுழையும் அந்த எண்ணெய்ப் படலமே அழுத்தம் கொண்டு பளுவைத் தாங்குகிறது என்று 1886இல் கணித வழியில் நிறுவினார்.

அப்படியானால் பம்பு எதற்கு? தாங்கியின் ஓரங்களில் கசிந்தோடும் எண்ணெயை ஓயாமல் ஈடுசெய்வதற்கு. பர்மிங்ஹாமில் பெல்லிஸ் நிறுவனத்தின் வரைவாளரான ஆல்பர்ட் பெயின், நீராவி எஞ்சினின் தாங்கிகளுக்குப் பம்பின் மூலம் எண்ணெயைச் செலுத்தும் முறைக்கு 1890இல் காப்புரிமை பெற்றார். பம்பு தருவது ஓட்டத்தை. ஓட்டத்திற்கு வழியில் ஏற்படும் தடையையே மானி அழுத்தமாகக் காட்டுகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால், பம்பு நலமாக இருந்தாலும் முள் இறங்கும்.

தேர்ந்த மெக்கானிக்கின் வரிசைமுறை இதிலிருந்தே பிறக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்து எண்ணெயின் அளவையும், பெட்ரோல் கலந்து நீர்த்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னர் வேறொரு மானியை இணைத்து, விளக்கு சொல்வது மெய்தானா என்று சோதிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூடேறியபின் மந்த வேகத்தில் மட்டும் அழுத்தம் சரிந்தால் பேரிங் தேய்மானத்தை ஐயுறலாம். திறந்தபடி சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வும், அடைபட்ட சல்லடையும் அடுத்த ஐயங்கள். பம்பைப் பிரித்தால் பற்சக்கரங்களிலும் மூடியிலும் கீறல் உண்டா என்று நோக்கி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து தயாரிப்பாளர் தந்த வரம்போடு ஒப்பிட வேண்டும். பேரிங்கைப் பாராமல் புதிய பம்பை மாட்டினால் முள் சற்றே உயரக்கூடும். தேய்மானமோ உள்ளே தொடரும்.

மரக்கட்டையை இன்னும் ஓங்கி அடித்துவிட்டு டவர் தம் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அவர் அதன் இடத்தில் மானியை வைத்தார். நாமும் பம்பை மாற்றுமுன் செய்ய வேண்டியது அதுவே.