பெயர் நீக்கிய தரவு

இணைய உலாவியோடு நாம் இணைத்துக்கொள்ளும் சிறு மென்பொருளைத் தமிழில் ‘நீட்சி’ என்கிறோம். பொருத்தமான சொல்லே. ஆயினும், அது யாருடைய கையின் நீட்சி என்னும் வினாவை அதன் வரலாறு நம்முன் வைக்கிறது.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய அலெக்சா இன்டர்நெட் நிறுவனம், பண்டைய அலெக்சாந்திரியா நூலகத்தை நினைந்து தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. அதன் கருவிப்பட்டை, பயனர் படிக்கும் பக்கத்தோடு தொடர்புடைய பிற பக்கங்களைச் சுட்டிக்காட்டியது. அதனுடன் அவர் செல்லும் பக்கங்களின் முகவரிகளையும் திரட்டியது. நூலகத்திலும் இரவல் பதிவேடு உண்டு. எனினும், வாசகர் வேறெங்கெல்லாம் சென்று எதைப் படிக்கிறார் என்று பின்தொடர்ந்த நூலகரை நாம் கண்டதில்லை.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் பின்லாந்தில் ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ என்னும் நீட்சி உருவாயிற்று. ‘நம்பிக்கை வலை’ என்பது அப்பெயரின் பொருள். ஒரு தளம் நம்பத்தக்கதா என்பதைப் பயனர்களின் மதிப்பீட்டைக் கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் அது உணர்த்தியது. மாணவர்க்குப் பரிந்துரைக்கத் தகுந்த கருவி என்றே எந்த ஆசிரியரும் எண்ணியிருப்பார். பக்கந்தோறும் மதிப்பீடு காட்ட வேண்டுமாயின், பயனர் செல்லும் முகவரிகளை அது அறிந்தாக வேண்டும். ஆகவே, பூட்டை உடைக்கும் தேவை அதற்கு எழவில்லை. திறவுகோலைப் பயனரே ஒப்படைத்திருந்தார்.

2016 நவம்பரில் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள் இதன் மறுபக்கத்தை வெளிக்கொணர்ந்தனர். இல்லாத வணிக நிறுவனம் ஒன்றின் பெயரால் தரவு விற்பனையாளர்களை அணுகி, ஏறத்தாழ 3 மில்லியன் ஜெர்மானியரின் ஒரு மாத உலாவல் தடத்தை மாதிரியாக, இலவசமாகவே பெற்றனர். அத்தடத்தின் ஒரு பகுதி ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ வழியே வந்திருந்தது.

அத்தரவு ‘பெயர் நீக்கப்பட்டது’ என்றே வழங்கப்பட்டது. இச்சொல்லில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். ஆய்வில் பங்கேற்ற தரவு அறிவியலாளர் ஆந்திரியாஸ் டெவெஸ், பெயர் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டினார். அன்றைய ட்விட்டரில் ஒருவர் தம் பதிவுகளுக்குரிய புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தபோது, அதன் முகவரியிலேயே அவருடைய பயனர்பெயர் இருந்தது. அப்பக்கத்தை அவரன்றிப் பிறர் திறந்ததில்லை. அந்த ஒரு வரி கிட்டியதும், அம்மாதம் முழுவதும் அவர் சென்ற இடமெல்லாம் அவர் பெயரில் வந்து சேர்ந்துவிடும். மொழியோடு பழகும் நம்மை இன்னொரு சான்று கூடுதலாகத் திடுக்கிட வைக்கிறது. இணையக் குற்றங்களைப் புலனாயும் காவல் அதிகாரி ஒருவர், அயல்நாட்டுக் காவல்துறைக்கு எழுதிய வேண்டுகோளைக் கூகுள் மொழிபெயர்ப்பில் இட்டிருந்தார். இட்ட வாசகம் அக்காலத்தில் முகவரியிலேயே பதிவாகியமையால், விசாரணையின் விவரங்களும் அத்தரவோடு வெளிச்சென்றிருந்தன.

செய்தி வெளியானதும் மொசில்லாவும் கூகுளும் அந்நீட்சியைத் தம் அங்காடிகளிலிருந்து அகற்றின. திருத்திய வடிவில் அது பின்னர் மீண்டது.

கதை அதனுடன் முடியவில்லை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற செக் நாட்டு அவாஸ்ட் நிறுவனம், தன் நீட்சிகளும் மென்பொருளும் திரட்டிய உலாவல் தரவை 2014 முதல் 2020 வரை ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு விற்றதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அங்கும் பெயர் நீக்கப்பட்டதாகவே கூறப்பட்டது. 2024இல் 16.5 மில்லியன் டாலர் செலுத்தவும், ஜம்ப்ஷாட்டுக்கு அளித்த உலாவல் தரவை அழிக்கவும் அவாஸ்ட் பணிக்கப்பட்டது.