நாடாவில் உறங்கும் நம் நாட்கள்



'வீடியோ' என்பதை நம்மில் பலர் ஆங்கிலச் சொல் என்றே எண்ணி வந்துள்ளோம். உண்மையில் அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'காண்கிறேன்' என்பது அதன் பொருள். குருமடத்து இலத்தீன் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தொடக்கச் சொற்களுள் அதுவும் ஒன்று. 'காண்கிறேன்' என்று பெயர் பெற்ற நாடாவைக் காண முடியாமற் போகும் நிலை இன்று நம் வீடுகளில் ஏற்பட்டுள்ளது. இந்த யூபிலி மலருக்காகத் திருமுழுக்கு ஏடுகளையும் பழைய கடிதங்களையும் புரட்டியபோது, 1980-களுக்குப் பிந்திய நம் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி ஏடுகளில் இல்லை, கேசட்டுகளில் இருக்கிறது என்பதைக் கண்டோம். அதனாலேயே இக்கட்டுரை.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம், படத்தைக் காந்த நாடாவில் பதியும் தன் கருவியைச் சிக்காகோ நகரில் காட்டியது. 2 அங்குல அகலமுள்ள நாடா, அலமாரி போன்ற இயந்திரம், தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலை. 1975-இல் சோனியின் பீட்டாமாக்சும், 1976-இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ்.ஸும் வந்த பிறகே அது வீட்டுப் பொருளாயிற்று. 1983-இல் கேமிராவும் பதிவுக் கருவியும் ஒன்றாய் இணைந்த பீட்டாமூவி வெளிவந்தது. வேடிக்கை என்னவெனில், அதனால் பதிய முடியுமேயன்றி, பதிந்ததைத் திருப்பிக் காட்ட இயலாது! 1985-இல் சோனி கொண்டுவந்த 8 மில்லிமீட்டர் கைக்கேமிராவே பின்னர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற நம்மவர் பெட்டிகளில் ஊர் வந்து சேர்ந்தது. டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் படம் பார்த்த இரவுகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்காலம் முடிந்துவிட்டது. பீட்டாமாக்ஸ் கேசட் விற்பனையைச் சோனி 2016 மார்ச்சில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.எச்.எஸ். டெக் தயாரிப்பைக் கைவிட்டது. நாடா கெடுமுன்னே அதை வாசிக்கும் கருவி மறைந்துகொண்டிருக்கிறது.

நாடா என்பது என்ன? பிளாஸ்டிக் பட்டை ஒன்றின்மேல் காந்தப் பொடியைப் பசை கொண்டு ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. கேமிராவுக்குள் வேகமாய்ச் சுழலும் உருளை ஒன்று தன் முனைகளால் அதன்மீது தலைமயிரினும் மெல்லிய சாய்ந்த சுவடுகளை எழுதிச் செல்கிறது. நம் நாட்டு முறையில் அவ்வுருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். அதே சுவடுகளை அதே ஒழுங்கில் மீண்டும் தொட்டால்தான் படம் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்தாலோ, முனையில் துளி அழுக்கு ஏறினாலோ, வாசிப்பு தடைப்படும். கணினியோ, குறிப்பலைகள் ஒழுங்காக வராவிட்டால் நீலத்திரை காட்டி நின்றுவிடும். ஆகவே பிரதி எடுப்பது தோற்றது என்பதும், நாடா அழிந்தது என்பதும் ஒன்றல்ல. முன்னது வாசிப்பவரின் தோல்வி. காந்தப் பதிவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மீட்கவே முடியாத இழப்பு, அதன்மேல் வேறொன்றைப் பதிவதாலும், 'இனி இது எதற்கு?' என்று குப்பையில் எறிவதாலும் நேர்வதே.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் பதித்தபோது, அங்கிருந்து வந்த படம் சாதாரணத் தொலைக்காட்சிக்குப் பொருந்தாத முறையில், வினாடிக்கு 10 படங்களாக வந்தது. தரை நிலையங்களில் அதை ஒரு திரையில் காட்டி, அத்திரையை மற்றொரு கேமிராவால் படம்பிடித்தே உலகுக்கு ஒளிபரப்பினார்கள். மங்கலான அப்பிரதியைத்தான் உலகம் கண்டது. தெளிவான மூலம் தனி நாடாக்களில் இருந்தது. பிரதிதான் இருக்கிறதே என்று எவரும் அவற்றைத் தேடவில்லை. தேடியபோது அவை இல்லை. நாடாத் தட்டுப்பாட்டினால் 1980-களின் தொடக்கத்தில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என 2009-இல் நாசா முடிவுக்கு வந்தது. நிலவுக்கு ஆள் அனுப்பியவர்களுக்கே இக்கதி! பின்பு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிதறிக் கிடந்த ஒளிபரப்புப் பிரதிகளைத் திரட்டி, நல்லவற்றைத் தெரிந்தெடுத்துப் படத்தைத் துலக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தில் பணியாளர் ஒருவர் தம் சொந்தச் சிறு பிலிம் கேமிராவால் திரையைப் படம்பிடித்து வைத்திருந்ததும் எஞ்சியது.

நம் பங்கிற்கும் இவ்வாறு நேர்ந்தது. 1991-ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாவை, விடுப்பில் வந்திருந்த நம் பங்கு அன்பர் ஒருவர் 8 மில்லிமீட்டர் கேசட்டில் படமெடுத்திருந்தார். யூபிலிக்காக நகரத்துக் கடை ஒன்றில் கொடுக்கப்பட்டது. 22-ஆம் நிமிடத்தில் நாடா இயந்திரத்தில் சிக்கிக் கசங்கியது. 'டேப் போச்சு, தூக்கிப் போடுங்க' என்றார்களாம். நல்லவேளை, விழாக்குழு இளைஞர்கள் கேசட்டைத் திரும்ப வாங்கி வந்தார்கள். நாடாவேலை தெரிந்த வேறொருவர் விளிம்பில் வெள்ளைப் பொடியாய்ப் படிந்திருந்த பூஞ்சணத்தைப் பொறுமையாகத் துடைத்து, நாடாவை முழுதும் ஒருமுறை மெதுவாகச் சுற்றி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் முனைகளைச் சுத்தம் செய்து, நான்கு முறை ஓட்டினார். ஓர் ஓட்டத்தில் தெரியாத காட்சி மறு ஓட்டத்தில் தெரிந்தது. நல்ல பகுதிகளை இணைத்ததில் ஏறத்தாழ முழு விழாவும் மீண்டது. கொடிமரம், பழைய ஓட்டுக்கூரைக் கோவில், இன்று பாட்டிமாராகிவிட்ட பாடற்குழுப் பெண்கள் எல்லாரையும் கண்டோம்.

கசங்கிய இடம் மட்டும் வரவில்லை. நீளம் 2 மீட்டருக்கும் குறைவு. வினாடிக்கு 2 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் அது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். சாதாரண வி.எச்.எஸ். கேசட்டில் ஒலிக்கு ஓரத்தில் தனிப் பாதை உண்டு. படம் போனாலும் குரல் தங்கும். இவ்வகைக் கேசட்டிலோ ஒலியும் படச் சுவடுகளுக்குள்ளேயே பதிந்திருப்பதால், இரண்டும் சேர்ந்தே போயின. அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் நம் பழைய உபதேசியார் தேருக்கு முன் நின்று மாதா மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். மைக் இல்லாமலே கடைத்தெரு வரை கேட்ட அக்குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்கிறார்கள் அவருடைய பிள்ளைகள்.

அவ்வாண்டு திருவிழாவில் இன்னும் இரு வீட்டாரிடம் கேமிரா இருந்ததாக முதியோர் சிலர் நினைவுகூர்கின்றனர். அக்கேசட்டுகள் எவர் வீட்டு அலமாரியிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்கக்கூடும். கிடைத்தால் வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். பூஞ்சணம் ஒரு கேசட்டிலிருந்து இயந்திரத்துக்கும், அதிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். துடைக்கவும் வேண்டாம். உள்ளது உள்ளபடியே, ஒரு துணிப்பையில் வைத்து, பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். பெயரெழுதி வாங்கிக்கொள்வோம், வேலை முடிந்ததும் கேசட்டை உங்களிடமே திருப்பித் தருவோம்.